எதிரி வீட்டு உதவி: கொடுப்பவரைவிட வாங்குபவருக்கே சிக்கல்

2005 அக்டோபர் 8 காலை, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த நேரத்தில், காஷ்மீரை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. பாகிஸ்தான் பக்கம் மட்டும் சுமார் 73,000 பேர் இறந்தார்கள் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. ஏறத்தாழ 35 லட்சம் பேர் வீடிழந்தார்கள். முசாஃபராபாத், பாலாகோட் போன்ற ஊர்களிலிருந்து மலைக் கிராமங்களுக்கு ஏறும் பாதைகள் மண்சரிவில் மூடிப்போயின. இன்னும் சில வாரங்களில் பனிக்காலம். காயம்பட்டவரைக் கீழே இறக்கவும் கூடாரத்தை மேலே ஏற்றவும் ஹெலிகாப்டரை விட்டால் வேறு வழியில்லை.

ஹெலிகாப்டர்கள் பக்கத்திலேயே இருந்தன, கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு இந்தியப் பக்கத்தில். தருகிறோம் என்றது இந்தியா. ஹெலிகாப்டர் வரட்டும், விமானிகள் வேண்டாம், எங்கள் ஆட்களே ஓட்டிக்கொள்வார்கள் என்றது பாகிஸ்தானின் முஷாரஃப் அரசு. விமானி இல்லாமல் ராணுவ ஹெலிகாப்டரைப் பாகிஸ்தான் கையில் ஒப்படைக்க இந்தியா சம்மதிக்கவில்லை. பேச்சு அதோடு நின்றது. ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கப் படையின் சினூக் ஹெலிகாப்டர்கள் வந்து அந்த வேலையில் இறங்கின.

இடிபாட்டுக்குள் மனிதர்கள் கிடக்கும்போது விமானி யார் என்பதா கேள்வி என்று எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் இரண்டு தலைநகரங்களிலும் இருந்தவர்களுக்கு அது சரியான கேள்விதான். கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய மலைகளில் பாகிஸ்தானின் காவல்நிலைகளும் பீரங்கித் தளங்களும் இருக்கின்றன. இந்திய விமானப்படை அதிகாரி ஒருவர் பகல் வெளிச்சத்தில், தாழப் பறந்து, அதுவும் அரசின் அனுமதியோடு அவற்றுக்கு மேலே போய்வருவதை எந்தப் பாகிஸ்தான் தளபதி ஒப்புக்கொள்வார்? மறுபுறம், தன் தகவல்தொடர்புக் கருவிகளோடு ஒரு ராணுவ ஹெலிகாப்டரை அப்படியே எதிர்ப்படையிடம் எந்த இந்தியத் தளபதிதான் கொடுத்தனுப்புவார்? அதே மாதத்தில் இந்தியாவிலிருந்து கூடாரமும் போர்வையும் மருந்தும் விமானத்தில் போய் இறங்கின, பாகிஸ்தான் வாங்கிக்கொண்டது. இந்தியா 2.5 கோடி டாலர் தருவதாகவும் அறிவித்தது. சரக்கு வரலாம், சீருடை வரக்கூடாது. கோடு அங்கேதான் விழுந்தது.

பகை நாடுகளுக்கிடையே பேரிடர் உதவி என்றாலே நம் செய்திகள் கொடுப்பவரைப் பற்றியே பேசுகின்றன. பகையை மறந்து கைகொடுத்தது என்று தலைப்பு வந்துவிடும். என் பார்வையில் அது செய்தியின் சின்னப் பாதி. உதவி தருகிறேன் என்று அறிவிக்க ஒரு அறிக்கை போதும். ஏற்றுக்கொண்டால் நல்ல பெயர், மறுத்தால் அவப்பெயர் மறுத்தவருக்கு. கொடுப்பவருக்கு இழப்பு ஏதுமில்லை. வாங்குபவருக்கு அப்படியில்லை. யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், மூட்டையின் மேல் யார் பெயர் இருக்கிறது, இதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொன்றையும் அவர் யோசித்தாக வேண்டும். இரண்டு நாடுகளுக்கிடையே உண்மையில் எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க வேண்டுமானால் தலைவர்களின் இரங்கல் செய்தி உதவாது. லாரியின் பதிவெண்ணைப் பார்க்க வேண்டும்.

லாரி என்று சும்மா சொல்லவில்லை. 2021 அக்டோபரில் ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை தர இந்தியா முன்வந்தது. தரைவழி என்றால் பாகிஸ்தானைக் கடக்க வேண்டும். நவம்பரில் பாகிஸ்தான் சம்மதித்தது. ஆனால் எந்த நாட்டு லாரியில் ஏற்றுவது என்பதில் வாரக்கணக்கில் இழுபறி. கடைசியில் ஆப்கானிய லாரிகளும் ஓட்டுநர்களும் அட்டாரி எல்லைக்கு வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாகா வழியாகப் போவது என்று முடிவானது. முதல் வரிசை 2022 பிப்ரவரி 22 அன்றுதான் கிளம்பியது. அந்தக் குளிர்காலம் கிட்டத்தட்ட முடிந்தேபோயிருந்தது.

சட்டமும் வாங்குபவர் பக்கம்தான் நிற்கிறது. 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானம்தான் இன்றைய சர்வதேச மனிதாபிமான உதவிக்கு அடிப்படை. பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடும், கொள்கையளவில் அந்நாடு கேட்டுக்கொண்டதன் பேரிலும் உதவி தரப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. வெளிநாட்டு ராணுவ வசதிகளை வேறு வழியில்லாதபோதுதான் பேரிடர் உதவிக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது ஆஸ்லோ நெறிமுறைகளின் நிலைப்பாடு. ஆக, கதவைத் தட்டலாம். திறப்பதும் திறக்காததும் வீட்டுக்காரர் விருப்பம்.

அப்படிக் கதவு திறக்காமலே போனதற்கு அண்மை உதாரணம் மொராக்கோ. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா அந்நாட்டுடன் ராஜதந்திர உறவை முறித்து, அடுத்த மாதம் தன் வான்வெளியையும் மூடியது. 2023 செப்டம்பர் 8 இரவு மராகேஷுக்குத் தெற்கே அட்லஸ் மலைப்பகுதியில் நிலநடுக்கம், 2,900க்கும் மேற்பட்டோர் பலி. நிவாரண விமானங்களுக்காக அல்ஜீரியா வான்வெளியைத் திறந்தது, மீட்புக் குழுவையும் தயார் செய்தது. மொராக்கோ வேண்டாம் என்றுவிட்டது. முதல் கட்டத்தில் அது ஏற்றுக்கொண்டது ஸ்பெயின், கத்தார், பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கு நாடுகளின் குழுக்களை மட்டுமே. பிரான்ஸுக்குக்கூட அழைப்பு இல்லை. அதிகமான குழுக்கள் வந்தால் ஒருங்கிணைப்பு கெடும் என்று மொராக்கோ சொன்ன காரணத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. குறுகிய மலைப்பாதையில் பத்து நாட்டு வண்டிகள் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது மீட்புப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நான்கு பேர் பட்டியலில் பொறியாளரைவிட வெளியுறவுத் துறையின் கையெழுத்துதான் பளிச்சென்று தெரிகிறது. மொராக்கோ உரிமை கொண்டாடும் மேற்கு சஹாராவுக்குத் தன் ஆளுகையின் கீழ் தன்னாட்சி தரும் அதன் திட்டத்துக்கு ஸ்பெயின் 2022இல்தான் ஆதரவு தெரிவித்திருந்தது.

மறுப்புக்கு இன்னொரு காரணம் கௌரவம். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது கியூபா 1,586 மருத்துவப் பணியாளர்களை அனுப்பத் தயார் என்றது. அமெரிக்கா ஏற்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து குஸ்டாவ், ஐக் என இரண்டு புயல்கள் கியூபாவைப் புரட்டிப்போட்டபோது அமெரிக்கா 50 லட்சம் டாலர் வரை தருவதாகச் சொன்னது. உங்கள் பணம் வேண்டாம், பொருளாதாரத் தடையைத் தளர்த்துங்கள், பொருட்களை நாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்றது கியூபா.

இந்தியாவும் இதில் சளைத்ததல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவியை ஏற்பதில்லை என்பதையே பழக்கமாக வைத்துக்கொண்டது. அதே சுனாமியில் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் தன் கப்பல்களை அனுப்பியது. 2018 கேரள வெள்ளத்தின்போது வந்த வெளிநாட்டு உதவிகள் மறுக்கப்பட்டதும் இந்த வழக்கத்தின்படிதான். உதவத் தயார் என்று அப்போது சொன்னவர்களில் புதிதாகப் பதவியேற்றிருந்த பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கானும் ஒருவர். கொடுக்கும் வரிசையில் நிற்பது வல்லரசுக்கு அழகு, வாங்கும் வரிசையில் நிற்பது இல்லை என்ற கணக்கு இது.

கொடுப்பவரின் நோக்கம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருட்களோடு கிளம்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்குப் பறக்க, யாழ்ப்பாணத்தின் மேல் உணவும் மருந்தும் போட்டுவிட்டுத் திரும்பின. ‘பூமாலை’ என்று பெயர் வைத்தார்கள். இலங்கை ராணுவத்தின் வடமராட்சி நடவடிக்கையில் சிக்கிய மக்களுக்கு அந்தப் பொருட்கள் தேவைப்பட்டன என்பதில் ஐயமில்லை. கீழே விழுந்தது ஏறத்தாழ 25 டன் மட்டும்தான், கொழும்புக்குப் போன செய்தியோ பல மடங்கு கனமானது. இரண்டு மாதம் முடிவதற்குள் ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அது இயற்கைப் பேரிடர் அல்ல, போர். ஆனாலும் அனுமதி இல்லாமல் வரும் உதவி என்றால் அரசுகள் ஏன் நடுங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

2008 மே மாதம் நர்கீஸ் புயலுக்குப் பிறகு மியான்மர் ராணுவ ஆட்சியைப் பிடித்திருந்தது இதே நடுக்கம்தான். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 1,30,000க்கு மேல். அமெரிக்க, பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நிவாரணப் பொருட்களோடு கடலில் காத்துக் கிடந்தன, கரையில் இறக்க அனுமதி இல்லை. ஆனால் இந்தியாவின் கப்பல்களும் விமானங்களும் ஆரம்பத்திலேயே போய்விட்டன. தன் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்ப்பவர் யார், பார்க்காதவர் யார் என்று தளபதிகள் தரம் பிரித்து வைத்திருந்தார்கள். கடைசியில் ஆசியான் அமைப்பு நடுவில் நின்று, மியான்மர் அரசு, ஐ.நா., ஆசியான் மூவரும் சேர்ந்த குழு ஒன்றை அமைத்த பிறகுதான் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்தது. மேற்கத்திய நாட்டிடம் வாங்கினோம் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் அக்கம்பக்கத்தாரிடம் வாங்கினோம் என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்ததே காரணம்.

இப்படி நடுவில் ஒருவரை வைத்துக்கொள்வது பழைய உத்தி, நன்றாகவே வேலை செய்யும். 2010 பாகிஸ்தான் வெள்ளத்துக்கு இந்தியா 50 லட்சம் டாலர் தர முன்வந்தது. இஸ்லாமாபாத் சில நாள் தயங்கி, சரி என்று சொல்லி, பிறகு அதை ஐ.நா. வழியாக அனுப்பச் சொன்னது. இந்தியா கோபித்துக்கொள்ளவில்லை. தொகையை 2.5 கோடி டாலராக உயர்த்தி, ஐ.நா. வழியாகவே கொடுத்தது. பணத்தின் ஊற்று எது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கூடாரத்தின் மேல் இருப்பது ஐ.நா.வின் முத்திரை. 2022 வெள்ளத்தில் அந்த அளவுக்குக்கூட எதுவும் நகரவில்லை. பிரதமர் மோடி இரங்கல் தெரிவித்தார். இந்தியாவிலிருந்து காய்கறி இறக்குமதி செய்வது பற்றி யோசிக்கலாம் என்றார் பாகிஸ்தான் நிதியமைச்சர் மிஃப்தா இஸ்மாயில். 2019இல் நிறுத்தப்பட்ட வர்த்தகத்தைத் திறந்தால் காஷ்மீர் நிலைப்பாட்டில் இறங்கிவந்ததாக ஆகிவிடுமே என்ற பயத்தில் அந்தப் பேச்சு அப்படியே அமுங்கியது.

அரசுகளே சம்மதித்தாலும் மக்கள் சம்மதிக்காத சந்தர்ப்பம் உண்டு. 2008 மே 12 சிச்சுவான் நிலநடுக்கத்தில் சீனா ஏற்றுக்கொண்ட முதல் வெளிநாட்டு மீட்புக் குழு ஜப்பானுடையது. இடிபாட்டிலிருந்து எடுத்த ஒரு தாய், கைக்குழந்தை இருவரின் உடல்களுக்கு முன்னால் அந்தக் குழுவினர் வரிசையாக நின்று தலைகுனிந்து அஞ்சலி செலுத்தும் படம் சீனா முழுவதும் பரவியது. பழைய பகை பேசிய பலரும் நன்றி எழுதினார்கள். அந்த உற்சாகத்தில், கூடாரங்களையும் போர்வைகளையும் ஜப்பான் தற்காப்புப் படை விமானத்திலேயே கொண்டுவரலாம் என்று பேச்சு கிளம்பியது. உடனே சீன இணையத்தில் எதிர்ப்பு. ஜப்பானிய ராணுவ விமானம் சீன மண்ணில் இறங்குவதா என்று போர்க்கால நினைவுகள் கிளம்பின. சில நாட்களில் திட்டம் கைவிடப்பட்டு, வாடகைக்கு எடுத்த சாதாரண விமானத்தில் பொருட்கள் போயின. தலைகுனிந்து நின்ற மீட்புப் பணியாளரை ஏற்றுக்கொண்ட அதே மக்களுக்கு இறக்கையில் சூரிய வட்டம் போட்ட ராணுவ விமானத்தை ஏற்க முடியவில்லை. மக்களை இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, இதெல்லாம் நடந்து உறவு மாறுகிறதா? ஆம் என்பதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி கிரேக்கமும் துருக்கியும். 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் இஸ்மித் பகுதியில் 17,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கம். கிரேக்க மீட்புக் குழு உடனே போனது. மூன்றே வாரத்தில், செப்டம்பர் 7 அன்று ஏதென்ஸ் குலுங்கியது. இப்போது துருக்கியிலிருந்து ஏகூட் என்ற தன்னார்வ மீட்புக் குழு வந்தது. டிசம்பரில் ஹெல்சிங்கியில் துருக்கிக்கு ஐரோப்பிய ஒன்றிய வேட்பாளர் தகுதி கிடைத்தது, கிரேக்கம் குறுக்கே நிற்கவில்லை.

கதையில் வழக்கமாக விட்டுப்போவது அதற்கு முந்தைய ஆறு மாதம். பிப்ரவரியில், துருக்கி தேடிவந்த குர்துத் தலைவர் ஒஜலான் நைரோபியில் கிரேக்கத் தூதரகத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியேறியதும் பிடிபட, கிரேக்க வெளியுறவு அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அந்த இடத்துக்கு வந்த ஜார்ஜ் பாப்பாண்ட்ரூவும் துருக்கி அமைச்சர் இஸ்மாயில் ஜெமும் கொசோவோ போரை ஒட்டிப் பேசத் தொடங்கி, கோடையிலேயே அதிகாரிகள் மட்டப் பேச்சுவார்த்தைக்கும் வழிசெய்துவிட்டார்கள். நிலநடுக்கம் வந்தபோது பாதை ஏற்கெனவே போட்டாயிற்று. எதிரியோடு என்ன பேச்சு என்று உள்நாட்டில் கேட்டவர்களின் வாயை அது அடைத்தது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றாலும் அது சின்ன விஷயமல்ல. ஆனால் ஈஜியன் கடல் எல்லையும் சைப்ரஸும் தீரவில்லை. 2020 ஆகஸ்டில் இரு நாட்டுப் போர்க்கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

பேரிடர் அமைதியைப் பெற்றெடுப்பதில்லை, ஏற்கெனவே கருக்கொண்டதை வேகப்படுத்தும் என்பதுதான் இதை ஆராய்பவர்கள் பலரும் வந்து சேரும் முடிவு. அதற்கு மிகக் கசப்பான சான்று ஒரே சுனாமி தாக்கிய இரண்டு இடங்கள். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் அரசும் பிரிவினை கோரிய ஆயுதக் குழுவும் 2005 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டன. அதற்கான தூது சுனாமிக்கு முன்பே தொடங்கியிருந்தது. இலங்கையில் நிவாரணத்தைப் பகிர்ந்து நடத்த அரசும் விடுதலைப் புலிகளும் ஜூன் மாதம் செய்துகொண்ட பொதுக் கட்டமைப்பு உடன்பாட்டுக்கு எதிராகக் கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அரசிலிருந்தே வெளியேறியது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. 2006இல் மீண்டும் போர்.

நேபாளம் வேறு மாதிரி. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் இந்தியா சில மணி நேரத்திலேயே விமானங்களை அனுப்பியது, மிகப் பெரிய உதவியும் அதனுடையதுதான். ஆனால் இந்தியத் தொலைக்காட்சிகள் இழவு வீட்டில் ஒலிவாங்கியை நீட்டிய விதம் நேபாளிகளைக் கொதிக்க வைத்தது, வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்ற முழக்கம் சமூக ஊடகத்தில் பரவியது. செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் தொடர்பான பிரச்சினையில் எல்லை அடைபட்டு, பெட்ரோலும் எரிவாயுவும் இல்லாமல் நாடு தவித்தது. இந்தியா காரணம் என்றது காட்மாண்டு, இல்லை என்றது டெல்லி. மீட்பு விமானங்கள் சம்பாதித்த நல்லெண்ணம் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை.

வாங்குவதே சாமர்த்தியமாக அமைந்த ஒரு நிகழ்வும் உண்டு. 1984 செப்டம்பரில் தென்கொரியாவில் பெருவெள்ளம். அரிசி, துணி, சிமெண்ட், மருந்து தருகிறோம் என்றது வடகொரியா. ஓராண்டுக்கு முன்புதான் ரங்கூனில் வடகொரியர்கள் வைத்த குண்டில் தென்கொரிய அமைச்சர்கள் உட்படப் பலர் பலியாகியிருந்தனர். தென்கொரியா எப்படியும் மறுக்கும், பிரச்சார வெற்றி நமக்கு என்று வடகொரியா எதிர்பார்த்திருக்கலாம். தெற்கோ சரி, அனுப்புங்கள் என்றது. சொன்ன வாக்கைக் காப்பாற்ற வடகொரியா ஆயிரக்கணக்கான டன் அரிசியை எல்லை தாண்டி ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. தேவைக்காக அல்ல, பேசுவதற்கு ஒரு வாசல் வேண்டும் என்பதற்காகவே வசதியான தரப்பு கையேந்தியது. செஞ்சிலுவைச் சங்கப் பேச்சுகள் உயிர்பெற்றன. 1985 செப்டம்பரில், பிரிந்த குடும்பத்தினர் பக்கத்துக்கு 50 பேராக எல்லை தாண்டிப் போய் உறவினரைத் தேடினார்கள். கொரியப் போருக்குப் பிறகு அதுதான் முதல் முறை. 2024 கோடை வெள்ளத்தில் தெற்கு உதவி தர முன்வந்தபோது வடக்கு பதிலே சொல்லவில்லை.

காஷ்மீருக்குத் திரும்பினால், அங்கும் ஹெலிகாப்டர் பேச்சு முறிந்த பிறகு, அக்டோபர் இறுதியில் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஐந்து இடங்களைத் திறக்க உடன்பாடு வந்தது. நவம்பர் 7 அன்று பூஞ்ச்–ராவலாகோட் வழி முதலில் திறந்தது. நிவாரணப் பொருட்கள் கைமாறின. மக்கள் கடக்க அனுமதி இல்லை, பெயர்ப் பட்டியல் சரிபார்த்து முடியவில்லை. அந்தப்புறம் திரண்டிருந்த கிராமத்தார், எங்களையும் விடுங்கள் என்று முன்னேறியபோது பாகிஸ்தான் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது.

துருக்கி–ஆர்மீனியா எல்லை 1993 முதல் அடைபட்டுக் கிடக்கிறது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் துருக்கியில் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, ஐந்தாம் நாள், ஆர்மீனிய லாரிகள் எல்லையிலுள்ள மார்கரா பாலத்தைக் கடந்து போயின. முப்பது ஆண்டில் முதல் முறை. மூன்றாம் நாட்டவருக்கு எல்லையைத் திறக்க இரு நாடுகளும் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தன. லாரிகள் போய்வந்த பிறகும் அது நடைமுறைக்கு வரவில்லை. அந்தப் பாலம் அடுத்துத் திறந்தது 2025 மார்ச்சில், அதுவும் சில நாட்களுக்கு மட்டும், ஆர்மீனியா சிரியாவுக்கு அனுப்பிய உதவிப் பொருட்கள் கடந்து போவதற்காக.